ஆய்வு நல்கையில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது: முடிவில் கையில் நிற்பது யாருடையது?

படம் எடுக்கப் பணம் கேட்பது வேறு, படம் எடுப்பதில் இதுவரை யாருக்கும் பிடிபடாத ஒன்றை எப்படிச் செய்வது என்று கண்டுபிடிக்கப் பணம் கேட்பது வேறு. முதலாவதைத் தயாரிப்பாளர், முதலீட்டாளர், சேனல், ஓடிடி, ரசிகர்கள் என்று பல வாசல்களில் கேட்கலாம், எல்லோருக்கும் தெரிந்த வழிதான். இரண்டாவதற்கென்றே தனியாகப் பணம் இருக்கிறது. அதுதான் ஆய்வு நிதி. அனிமேஷன் செய்கிறவர்களும் கேம் உருவாக்குகிறவர்களும் ஒலிக்கதை தயாரிப்பவர்களும் அதைக் கேட்கலாம் என்பது அந்தத் துறைகளில் இருப்பவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. தெரிந்து, விண்ணப்பித்து, கிடைத்தும் விட்டவர்களில் சிலர், வேலையெல்லாம் முடிந்த பிறகு, தாங்கள் உருவாக்கியது தங்கள் பெயரில் இல்லை என்று கண்டு திகைத்துப் போகிறார்கள். அதனால்தான் ஆய்வுப் பணத்தையும் அறிவுசார் சொத்தையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே எளிதாகப் புரிந்துவிடும், சிக்கல் வருவதெல்லாம் இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம், இல்லையென்றால் பாதி வழியில் குழம்பும். மானியம் என்று சொன்னால் விலையில் ஒரு பங்கை யாரோ ஏற்றுக்கொள்வது போலக் கேட்கிறது, அதனால் கல்வித்துறை பயன்படுத்தும் 'நல்கை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். நல்கை என்றால் திருப்பித் தர வேண்டியதில்லாத, ஆனால் நிபந்தனைகளோடு வரும் பணம். அடுத்தது இன்னும் முக்கியம். தமிழில் பாட்டுக்கும் காப்புரிமை என்கிறார்கள், இயந்திரத்துக்கும் காப்புரிமை என்கிறார்கள், சட்டத்தில் இவை இரண்டு வேறு உரிமைகள். கதை, படம், இசை, கணினி நிரல் போன்ற படைப்புகளுக்குத் தானாகவே வருவது பதிப்புரிமை. ஒரு புதிய கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்து வாங்குவது காப்புரிமை. இந்தக் கட்டுரை முழுக்க இந்தப் பொருளில்தான் எழுதப் போகிறேன், நீங்களும் ஒப்பந்தம் படிக்கும்போது எந்த உரிமையைச் சொல்கிறார்கள் என்று நிறுத்திப் பாருங்கள்.

சரி, ஆய்வு என்றால் என்ன? ஒரு எடுத்துக்காட்டோடு போகலாம். மூன்று பேர் கொண்ட ஒரு சின்னக் குழு, பார்வையில்லாதவர்களும் ஆடக்கூடிய, முழுக்க ஒலியாலேயே ஆன ஒரு விளையாட்டைச் செய்ய நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதை எழுதுவது, குரல் பதிவு செய்வது, இசை அமைப்பது எல்லாம் தயாரிப்பு. ஆனால் நடுவில் ஒரு உண்மையான முடிச்சு இருக்கிறது. ஒலி நம் காதுக்குள் போகும் முன் தலையிலும் தோளிலும் காதுமடலிலும் பட்டு மாறுகிறது, அந்த மாற்றத்தை வைத்துத்தான் மூளை 'இது முன்னால் இருந்து வருகிறது, இது பின்னால்' என்று பிரிக்கிறது. காதுமடலின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருடைய காதுக்கு அளந்த கணக்கை இன்னொருவருக்கு ஹெட்போனில் போட்டால், முன்னால் நிற்கும் ஆள் பின்னால் நின்று பேசுவது போலக் கேட்கலாம். திசையை நம்பியே ஆட வேண்டிய ஒரு விளையாட்டில் இது பெரிய பிரச்சினை. ஆட்டக்காரர் ஆடும்போது செய்யும் தவறுகளை வைத்தே அவர் காதுக்கு ஏற்றபடி அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியுமா? முடியுமா, முடியாதா என்று முன்கூட்டித் தெரியாத இந்தக் கேள்விதான் ஆய்வு. விளையாட்டு ஆய்வு அல்ல.

இந்தப் பிரிவினை நானாகச் சொல்வதல்ல. எது ஆய்வு, எது இல்லை என்று அரசுகள் கணக்கெடுக்கப் பயன்படுத்தும் ஒரு கையேடு இருக்கிறது, ஃபிராஸ்காட்டி கையேடு என்று பெயர், இத்தாலியில் ஃபிராஸ்காட்டி என்ற ஊரில் 1963-இல் நடந்த கூட்டத்திலிருந்து வந்த பெயர், வெளியிடுவது ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு ஐந்து அளவுகோல்களைச் சொல்கிறது: புதுமை இருக்க வேண்டும், ஏற்கெனவே வெளிப்படையாகத் தெரியாத கருத்தாக்கம் இருக்க வேண்டும், விளைவு நிச்சயமில்லாததாக இருக்க வேண்டும், திட்டமிட்டு முறையாகச் செய்ய வேண்டும், கிடைத்ததை மற்றவருக்குக் கடத்தவோ திரும்பச் செய்து காட்டவோ முடிய வேண்டும். கலை நிகழ்ச்சிகளை அதே கையேடு பொதுவாக ஆய்வில் சேர்ப்பதில்லை. அவை தேடுவது புதிய வெளிப்பாட்டை, புதிய அறிவை அல்ல என்பது அது சொல்லும் காரணம். கலைஞர்களுக்கு இது முதலில் கோபத்தை வரவழைக்கலாம், ஆனால் விண்ணப்பம் எழுதும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள வரி வேறு இல்லை. 'இதுவரை யாரும் சொல்லாத கதை' என்று எழுதினால் ஆய்வுக் குழு அதைத் தள்ளிவிடும். 'இந்தக் கேள்விக்கு இதுவரை பதில் இல்லை, இப்படிச் சோதிப்போம், தோற்றாலும் இது தெரியவரும்' என்று எழுதினால் உட்கார்ந்து படிப்பார்கள்.

தோற்றாலும் என்று சொன்னதைக் கவனியுங்கள். ஆய்வுப் பணத்தின் பெரிய அழகே அதுதான். முதலீட்டாளரின் பணம் தோல்வியைப் பொறுக்காது, நல்கை பெரும்பாலும் பொறுக்கும், நேர்மையாகப் பதிவு செய்திருந்தால்.

பணம் எங்கிருந்து வருகிறது

அரசுகளின் ஆய்வு மன்றங்கள், பல்கலைக்கழகங்களோடு சேர்ந்த திட்டங்கள், கலாச்சார நிதியங்கள், அறக்கட்டளைகள், தொழில்நுட்ப நிறுவனங்கள் என்று பல ஊற்றுகள். ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொண்டால் வேறுபாடு கண்ணாடி போலத் தெரியும். அங்கே கிரியேட்டிவ் யூரோப் என்றொரு திட்டம், 2021 முதல் 2027 வரை சுமார் 244 கோடி யூரோ, அதில் 1991-இலேயே தொடங்கிய மீடியா என்ற பிரிவு திரைப்படங்களின் உருவாக்கம், விநியோகம், பயிற்சி போன்றவற்றுக்கு உதவுகிறது. ஆய்வு அங்கே முதன்மை இல்லை. அதே காலகட்டத்துக்கு ஹொரைசன் யூரோப் என்ற இன்னொரு திட்டம், சுமார் 9,550 கோடி யூரோ, அது ஆய்வுக்கானது, அதற்குள் கலாச்சாரம், படைப்பாற்றலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஒலி விளையாட்டுக் குழு முதலாவதில் விளையாட்டைக் காட்ட வேண்டும், இரண்டாவதில் காதுக் கேள்வியைக் காட்ட வேண்டும். மாற்றிக் காட்டினால் இரண்டிலும் கிடைக்காது.

ஹொரைசன் போன்ற திட்டங்களுக்குப் பெரும்பாலும் தனியாகப் போக முடியாது, பொதுவான விதி குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளின் மூன்று அமைப்புகள் சேர வேண்டும் என்பது. செலவிலும் நுணுக்கம் உண்டு: ஆய்வு வகைத் திட்டங்களுக்கு ஏற்கத்தக்க செலவில் 100 சதவீதம் வரை தருவார்கள், சந்தைக்கு நெருங்கிய புத்தாக்க வகைத் திட்டங்களில் லாப நோக்குள்ள நிறுவனங்களுக்கு 70 சதவீதம் வரைதான். மீதி 30-ஐ உங்கள் பையிலிருந்து போட வேண்டும். சின்னக் குழுக்கள் தடுமாறுவது இங்கேதான், நல்கை கிடைத்த மகிழ்ச்சியில் மீதிப் பங்கை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பிரிட்டனில் 2018-இல் தொடங்கிய படைப்புத்துறைக் குழுமத் திட்டம் இன்னொரு மாதிரி, ஒன்பது குழுமங்களாகப் பல்கலைக்கழகங்களையும் படைப்பு நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. தனியார் பக்கம் எபிக் கேம்ஸ் என்ற கேம் நிறுவனம் 2019-இல் 10 கோடி டாலர் நல்கைத் திட்டம் ஒன்றை அறிவித்தது, உருவாக்கியவர்களே தங்கள் சொத்துரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதே வெளிப்படையாகச் சொன்னது. இந்த ஒரு வரிக்காகவே அதை இங்கே குறிப்பிடுகிறேன், ஏனென்றால் எல்லா இடத்திலும் அந்த வரி அவ்வளவு தெளிவாக இருக்காது.

இந்தப் பணத்தால் என்ன நடந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1960-களின் கடைசியிலும் 70-களிலும் கணினி வரைகலை ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா என்ற ஆய்வு முகமை. அங்கே படித்த எட் கேட்மல் 1974-இல் முனைவர் பட்டம் வாங்கினார். வளைந்த பரப்பின் மேல் ஒரு படத்தைப் போர்த்துவது எப்படி என்பது போன்ற வேலைகள் அந்த ஆய்வேட்டில் இருந்தன. பின்னாளில் அவர் பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர், கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருதை 2019-ஆம் ஆண்டுக்காக பாட் ஹன்ரஹானோடு பகிர்ந்துகொண்டவர். இன்று பார்க்கும் முப்பரிமாண அனிமேஷனுக்கு அடியில் அந்த மாதிரி ஆய்வுப் பணம் இருக்கிறது. அந்தப் பணம் கொடுத்தவர்கள் ஒரு படம்கூடக் கேட்கவில்லை.

சொத்து என்று எதைச் சொல்கிறோம்

ஒலி விளையாட்டுக் குழுவின் மேசையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள். கதை, குரல் பதிவு, இசை, நிரல்: இவற்றுக்கெல்லாம் பதிப்புரிமை. 1886-இல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தின்படி இதற்குப் பதிவு தேவையில்லை, எழுதியதும் பதிந்ததும் உரிமை வந்துவிடுகிறது, பொதுவாகப் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டும் நீடிக்கும், பல நாடுகளில் 70. காதுக் கணக்கைத் திருத்தும் முறை புதிதாக அமைந்தால் அது காப்புரிமைக்குத் தகுதியாகலாம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. விளையாட்டின் பெயரும் அடையாளமும் வணிகச் சின்னம். யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் அளவீடுகள் வணிக ரகசியம். ஒரே பொருளில் நான்கு உரிமைகள், நான்குக்கும் வேறு வேறு விதிகள்.

இதில் எதுவுமே வெறும் யோசனையைக் காப்பதில்லை. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் இதைச் சட்ட வரியாகவே வைத்திருக்கிறது: பதிப்புரிமை வெளிப்பாட்டுக்கு, எண்ணத்துக்கோ செய்முறைக்கோ கணிதக் கருத்துக்கோ அல்ல. 'கண்ணால் பார்க்காமலே ஆடும் விளையாட்டு' என்பது எண்ணம், அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கதையின் வசனங்களை எடுக்க முடியாது.

இன்னொன்றை மறக்காதீர்கள். ஆய்வுக்காரர்களுக்குக் கிடைத்ததைச் சொல்ல ஆசை, நல்கை தருபவர்களும் வெளியிடச் சொல்வார்கள், ஹொரைசன் யூரோப்பில் ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்க வேண்டும் என்பது நிபந்தனையே. ஆனால் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு மாநாட்டில் முழுதாக விளக்கிவிட்டால், ஐரோப்பாவில் புதுமை போய்விட்டது, விண்ணப்பம் செல்லாது. அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. வெளியிடுவதா, பதிவதா என்று சண்டை போட வேண்டாம், வரிசைதான் விஷயம்: முதலில் விண்ணப்பம், மறுநாளே வேண்டுமானால் மேடை ஏறுங்கள்.

முன்னே வைத்திருந்தது, நடுவில் பிறந்தது

இந்தப் பகுதியை மெதுவாகப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் கூட்டுத் திட்டங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஒப்பந்தங்களில் சொத்து இரண்டாகப் பிரியும். திட்டம் தொடங்கும் முன்பே உங்களிடம் இருந்தது ஒன்று, முன்சொத்து என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தால் புதிதாகப் பிறந்தது இன்னொன்று, விளைசொத்து. ஒலிக்குழு ஐந்து வருடமாக எழுதி வைத்த ஒலி எஞ்சின், அதாவது விளையாட்டின் ஒலியை இயக்கும் அடிப்படை நிரல், முன்சொத்து. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கண்டுபிடித்த காதுத் திருத்த முறை விளைசொத்து. தொடக்கத்திலேயே எஞ்சினைப் பட்டியல் போட்டு எழுதி வைக்கவில்லை என்றால், இரண்டு வருடத்தில் பழைய நிரலும் புதிய நிரலும் பின்னிப் பிணைந்து, எது எப்போது எழுதப்பட்டது என்று யாருக்கும் பிரித்துக் காட்ட முடியாது. அப்புறம் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் 'இது மொத்தமும் திட்டத்தில் பிறந்தது' என்று சொன்னால் மறுக்க உங்களிடம் காகிதம் இருக்காது. தேதியோடு நிரலின் ஒரு பிரதியைத் திட்டம் தொடங்கும் முந்தைய நாளே எடுத்து வைத்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

விளைசொத்து யாருக்கு என்பதில் ஒவ்வொரு நிதி அமைப்புக்கும் ஒரு விதி. அமெரிக்காவில் 1980-இல் வந்த பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் தாங்களே வைத்துக்கொள்ள வழி செய்தது, அரசுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும் நிற்கும். ஹொரைசன் யூரோப்பில் யார் உருவாக்கினாரோ அவருக்கே. இரண்டு பேர் சேர்ந்து செய்து யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாவிட்டால் இருவருக்கும் கூட்டு உரிமை. கூட்டு உரிமை என்றதும் பலர் 'நியாயமாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேறு ஏற்பாடு எழுதப்படவில்லை என்றால், அந்த இருவரில் ஒருவர் மற்றவருக்கு 45 நாள் முன்னறிவிப்பும் நியாயமான ஈடும் கொடுத்துவிட்டு, மூன்றாம் ஆளுக்குத் தனியுரிமையில்லாத, அதாவது அவருக்கு மட்டும் என்று இல்லாத, உரிமம் வழங்கலாம். அந்த மூன்றாம் ஆள் உங்கள் நேரடிப் போட்டியாளராகவும் இருக்கலாம். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் முன்பே எழுத வேண்டும், கூட்டாளிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில்.

அடுத்து, குழுவுக்குள். சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதியது பல நாடுகளில் முதலாளிக்குப் போகும். ஒப்பந்தத்தில் வந்த இசையமைப்பாளரோ ஓவியரோ அப்படி இல்லை, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை பொதுவாக அவரிடமே, பணம் முழுதாக வாங்கியிருந்தாலும். குரல் கொடுத்த நடிகருக்கும் தன் பதிவின் மேல் உரிமை உண்டு, 1996-இன் நிகழ்த்துகலை ஒப்பந்தம் அதை உலக அளவில் எழுதி வைத்தது. ஆய்வுக்காக என்று சொல்லிப் பதிந்த குரலைப் பின்னர் விற்பனை விளையாட்டில் போடவோ, ஒரு செயற்கைக் குரலைப் பயிற்றுவிக்கவோ அவரிடம் தனியாகக் கேட்டாக வேண்டும். இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை, குரல் என்பது ஒருவருடைய உடம்பின் ஒரு பகுதி.

யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் திறந்து வைத்த திறமூல நிரல்களையும் கவனியுங்கள். அவசரத்தில் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் உள்ள, பிறர் எழுதிய ஒரு நிரல் தொகுப்பை எஞ்சினோடு சேர்த்துவிட்டால், அதை வெளியே விநியோகிக்கும் நாளில் உங்கள் நிரலையும் அதே உரிமத்தில் திறந்து கொடுக்க வேண்டி வரும். அது உங்கள் விருப்பமாக இருந்தால் மிக நல்லது, தெரியாமல் நடந்தால்தான் சங்கடம்.

மூன்று வழிகள்

சொத்து உங்களுடையது என்று ஆன பிறகு அதை என்ன செய்வது என்பதில் ஒரே சரியான வழி கிடையாது. எனக்குப் பிடித்த மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

எம்பி3. ஜெர்மனியில் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழகத்திலும் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்திலும் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் போன்றவர்கள் செய்த வேலை, 1987-இல் தொடங்கிய ஐரோப்பிய யுரேகா கூட்டுத் திட்டத்தின் ஆதரவும் அதற்கு இருந்தது. அவர்கள் காப்புரிமை எடுத்தார்கள், உரிமக் கட்டணம் வசூலித்தார்கள், அந்த உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிந்தது. ஆய்வுப் பணத்தில் பிறந்த ஒரு சொத்து பல ஆண்டுகள் வருமானம் தந்து, காலம் முடிந்ததும் எல்லோருக்கும் பொதுவானது.

கென் பெர்லின் 1983-இல் கணினி வரைகலைக்காக ஒரு இரைச்சல் முறையை உருவாக்கினார், மேகமும் பளிங்கும் தீயும் கணினியில் இயல்பாகத் தெரிய உதவும் கணக்கு. அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. எல்லோரும் பயன்படுத்தினார்கள், 1997-இல் ஆஸ்கர் அகாதெமி அவருக்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது. பின்னர் அவர் செய்த மேம்பட்ட முறை ஒன்று காப்புரிமைக்குள் வந்தபோது, அதைச் சுற்றிப் போக வேறொருவர் திறமூல மாற்று ஒன்றை எழுதினார். ஒரே மனிதரின் இரண்டு முறைகள், ஒன்று பூட்டில்லாமல் பரவியது, மற்றொன்று பூட்டியதால் மாற்று வழியைத் தேட வைத்தது.

மூன்றாவது பிளெண்டர், முப்பரிமாண அனிமேஷன் செய்யும் மென்பொருள். அதை வைத்திருந்த நிறுவனம் 2002-இல் மூடப்பட்டது, நிரலின் உரிமை முதலீட்டாளர்களிடம் சிக்கியது. உருவாக்கிய டான் ரோசென்டால் அவர்களிடம் பேசி, ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் திறந்துவிடலாம் என்று சம்மதம் வாங்கினார். பயன்படுத்துபவர்கள் ஏழு வாரத்தில் அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள், அதே ஆண்டு அக்டோபரில் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. தான் எழுதியதையே ஒருவர் ஊர்கூடி மீட்க வேண்டியிருந்தது. நல்ல முடிவுதான், ஆனால் எல்லோருக்கும் ஊர் கூடாது.

அதனால் ஒலிக்குழு கையெழுத்துப் போடும் முன் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான்: எங்கள் எஞ்சின் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறதா, காதுத் திருத்த முறை யார் பெயரில் வரும், மற்றவர் அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், கட்டுரை வெளியிடும் முன் எத்தனை நாள் எங்களுக்குக் காட்டுவீர்கள், எங்களில் ஒருவர் நடுவில் விலகினாலோ, ஒரு கூட்டாளி நிறுவனம் மூடப்பட்டாலோ அவர் பங்கு எங்கே போகும். கடைசிக் கேள்வியை எல்லோரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், நண்பர்களாகத் தொடங்கும்போது பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் போலத் தோன்றுகிறது. முதல் கூட்டத்திலேயே கேளுங்கள், அன்றைக்கு யாருக்கும் யார் மேலும் கோபம் இருக்காது, பதில் எளிதாக வரும்.